கைப்பின்னல் லேஸ்: பல வருஷம் புழங்கினால் எது நிற்கும், எது விடும்?

பருத்தி நூலில் கையால் பின்னிய லேஸ் லேசில் கிழியாது. பழைய மேசைவிரிப்புகளில் முதலில் விடுவது லேஸும் துணியும் சேரும் தையல்தான். இரண்டும் ஒரே அளவு சுருங்காததால், முதல் அலசலிலேயே ஓரம் சுருண்டு இழுக்கும். தைக்கும் முன் இரண்டையும் தனித்தனியாகத் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டுவிட்டால் இந்தத் தொல்லை வராது.

நாகர்கோவிலில் 1820-களில் ஆங்கிலேய மிஷனரி மார்த்தா மால்ட் மிஷன் பள்ளிப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த தொழில் இது. பழைய ஆட்கள் ரேந்தை என்பார்கள். துளையிட்ட மாதிரித்தாளைத் திண்டில் வைத்து, நூல் சுற்றிய கட்டைகளை இரண்டு ஜோடியாக எடுக்க வேண்டும். அந்த நான்கு இழைகளை மாற்றி, முறுக்கி, மறுபடி மாற்றினால் துணிபோல அடர்ந்த பின்னல். மாற்றி முறுக்கியதோடு விட்டால் வலைபோல இளகிய பின்னல். இலையும் பூவும் அதன் பின்னணியும் பிரிந்து தெரிவது இந்த வித்தியாசத்தால்தான். பின்னலைப் பிடித்து நிறுத்த மாதிரித்தாளின் துளைகளில் குத்தும் ஊசியைச் சீக்கிரம் உருவினால் ஓரம் உள்ளே இழுத்துக்கொள்ளும். வாங்கும்போது ஓர வளையங்கள் ஒரே அளவா என்று பாருங்கள். பருத்தியா என்று சந்தேகமா? ஒரு இழையைக் கொளுத்துங்கள். பருத்தி சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கட்டியாகும்.

அளவில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 100 செ.மீ. சதுர விரிப்புக்கு 3 செ.மீ. அகல லேஸ் என்றால் 400 செ.மீ. போதாது. மூலை ஒவ்வொன்றுக்கும் அகலத்தைப்போல இரண்டு மடங்கு, ஆக 24 செ.மீ. கூடும். சுருக்கத்துக்கும் இணைப்புக்கும் சேர்த்து 450 வாங்குங்கள். குறைத்து வாங்கினால் மூலை தூக்கிக்கொண்டு நிற்கும்.

தலையணை உறை, ரவிக்கைக் கை, பீடத்துணி எதிலும் லேஸ் அழகுதான். ஆனால் வலுவாக இழுபடும் இடத்தில் வைக்காதீர்கள். ரவிக்கையில் கைமுனை சரி, அக்குள் பக்கம் கூடாது. வெயில் நேராக விழும் சன்னலில் பருத்தி நைந்துபோகும். சட்டம் போட்டு மாட்டுவதானால் கருநீலத் துணியில் வைத்துத் தைத்துவிடுங்கள். துளைகள்கூட வடிவமாக எழும்பித் தெரியும். ஒட்டாதீர்கள், பசை நாளாவட்டத்தில் மஞ்சளாகும்.

துவைக்கும்போது தலையணை உறைக்குள் போட்டு, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அமுக்கி எடுங்கள். முறுக்கிப் பிழியவே கூடாது. ஈரத்தோடு தடித்த துண்டில் கவிழ்த்து விரித்து, பின்பக்கமாக இஸ்திரி போட்டால் பூ அமுங்காது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டிக்குள் பூஞ்சை பிடிக்கும். கஞ்சி போட்டு வைத்தால் பூச்சியும் அரிக்கும். எடுத்து வைக்கும் முன் கஞ்சியை நன்றாக அலசி, முழுக்கக் காயவைத்து, மல் துணி சுற்றிய குழாயில் சுருட்டி வையுங்கள். மடித்தால் மடிப்பில் இழை அறும்.

கடற்காற்றில் இரும்பு ஊசி துருப்பிடித்துக் கறை ஏறும், அதனால் பித்தளை ஊசியே நல்லது. வெள்ளை லேஸில் துருக்கறை பட்டால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவிக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்து அலசுங்கள். பிளீச்சிங் பவுடர் பக்கம் போகாதீர்கள், துரு இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும்.