கண்ணாடி அரம் என்று பிளாஸ்டிக்கை விற்கிறார்கள், சொந்த நகம் வளர்ப்பவர்கள் கவனம்

ஒட்டு நகம் வைக்காமல் சொந்த நகத்தையே வளர்த்து வைத்திருக்கிற தங்கச்சிமார், அக்காமார் எல்லாரும் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். மூன்று மாதத்துக்கு முன் பேஸ்புக்கில் ஒரு பக்கத்தில் நகம் தேய்க்கிற அரம் ஒரு செட் போட்டிருந்தார்கள். ஒறிஜினல் கண்ணாடி அரம் ஒன்று, கூடவே 240 என்று நம்பர் அடித்த அட்டை அரம் இரண்டு, எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய். விற்கிறவர் கல்முனைப் பக்கம் என்றார், கிட்ட உள்ள ஆள்தானே என்று நானும் நம்பினேன். கல்லடியில் வீட்டு வாசலுக்கே கூரியர் வந்தது. காசைக் கொடுத்த பிறகுதான் பார்சலைத் திறக்க முடியும், அது உங்களுக்கும் தெரிந்ததுதான்.

கையில் எடுத்தபோதே பாரம் இல்லை. கண்ணாடி என்றால் இப்படியா இருக்கும் என்று ஒரு யோசனை வந்தது, ஆனால் பார்க்க நல்ல பளபளப்பு, அப்படியே பாவிக்கத் தொடங்கிவிட்டேன்.

இரண்டு கிழமை போயிருக்கும். வலது கை மோதிர விரல் நகத்தின் நுனி வெங்காயச் சருகு மாதிரி இரண்டு தட்டாகப் பிரிந்து நின்றது. தலை துடைத்தால் துவாயின் நூல் அதில் கொளுவி இழுக்கும், அப்போது வருகிற கூச்சம் பல் வரைக்கும் போகும். அடுத்த கிழமை நடுவிரலும் அப்படியே. மாமி கல்சியம் காணாது என்றார், பக்கத்து வீட்டு அக்கா பாத்திரம் கழுவுகிற சவர்க்காரம் என்றார், நானும் கல்சியக் குளிசை வாங்கிப் போட்டேன், அரத்தை ஒருவரும் சந்தேகப்படவில்லை.

விசயத்தைப் பிடித்தது யார் தெரியுமா? வீட்டில் கதவு நிலை மாற்ற வந்த ஓடாவி மாமா. மேசையில் கிடந்த அட்டை அரத்தை எடுத்துப் பெருவிரலால் ஒரு தடவு தடவிவிட்டு, "மகள், இது 240 இல்ல. 240 எண்டா மா மாதிரி இரிக்கும். இது முதல் தேய்ப்புக்கு எடுக்கிற தாள்" என்றார். தன்னுடைய பையிலிருந்து 240 தாள் ஒரு துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார், தொட்டுப் பார்த்தேன், இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மரம் தேய்க்கிற தாளுக்கு உள்ள கணக்குத்தான் நக அரத்துக்கும்: நம்பர் கூடக் கூட மென்மை. 80, 100 எல்லாம் அக்ரிலிக் நகத்தைச் செதுக்குகிறதுக்கு. சொந்த நகத்துக்கு 240 அல்லது அதற்கு மேலே, நகம் நல்ல தடிப்பாக இருப்பவர்கள் வேண்டுமானால் 180 வரைக்கும் இறங்கலாம். என் செட்டில் வந்தது 100 நம்பர் சரக்கு மாதிரி, மேலே 240 என்று அச்சடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அப்புறம்தான் அந்தக் "கண்ணாடி"யைச் சோதித்தேன். கியூட்டெக்ஸ் கழுவுகிற அசிட்டோன் ரிமூவரைப் பஞ்சில் நனைத்து அதன் மேல் ஒரு நிமிடம் வைத்தேன். பஞ்சை எடுத்தால் ஒட்டிக்கொண்டு வருகிறது, அரம் பிசுபிசுக்கிறது, சொரசொரப்பு முழுக்கப் பஞ்சில் மினுமினுத்தபடி கிடக்கிறது. பிளாஸ்டிக் துண்டில் பசை தடவித் தூளைக் கொட்டியிருக்கிறார்கள். உண்மையான கண்ணாடி அரத்தில் ஒட்டிய தூள் என்று ஒன்றுமே கிடையாது, கண்ணாடியின் மேற்பரப்பையே அரித்துத்தான் சொரசொரப்பு எடுப்பார்கள், அதனால் அசிட்டோன் பட்டாலும் ஒன்றும் ஆகாது, சவர்க்காரம் போட்டுக் கழுவி வருசக்கணக்கில் பாவிக்கலாம், கீழே விழுந்தால் உடையும், அது ஒன்றுதான் குறை. கையில் எடுத்தால் குளிர்ச்சியாக இருக்கும், கரண்டியால் தட்டினால் கிளாஸ் தட்டுகிற சத்தம் கேட்கும்.

விற்றவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "நீங்க தேய்ச்ச விதம் பிழை அக்கா" என்று ஒரு வரி. இரண்டாவது மெசேஜ் போகவில்லை, புளொக் பண்ணிவிட்டார். தேய்க்கிற விதத்தில் எனக்குப் பிழை இல்லை, குளித்த கையோடு நகம் ஊறி மெத்தென்று இருக்கும்போது நான் தொடுவதே இல்லை, ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒரே பக்கமாகத்தான் இழுப்பேன், வாள் போடுகிற மாதிரி முன்னும் பின்னும் இழுக்கிற பழக்கமும் இல்லை.

காசு போனது கூட எனக்குப் பெரிதில்லை. விரல் நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீற்றர் அளவுதான் வளரும், அடியிலிருந்து முழுசாக வந்து சேர ஆறு மாதம் அளவில் எடுக்கும். பிரிந்த நுனி திரும்ப ஒட்டாது, வெட்டித்தான் ஆகவேண்டும். ஒரு வருசமாக வளர்த்த நகத்தைச் சதை வரைக்கும் வெட்டின அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதனால் அரம் வாங்குவதென்றால் கடைக்குப் போய்த் தொட்டு வாங்குங்கள். மட்டக்களப்பு டவுன், காத்தான்குடி, கல்முனை எங்கேயும் பென்சிப் பொருள் கடைகள் இருக்கின்றன. அச்சடித்த நம்பரை மட்டும் நம்பாதீர்கள், உள்ளங்கையின் ஓரத்தில் மெதுவாக இழுத்துப் பாருங்கள், தோல் எரிந்தால் அது நகத்துக்கு வேண்டாம். அட்டை அரத்தைக் கழுவிச் சுத்தமாக்க முடியாது, ஆகவே பார்லருக்குப் போனாலும் உங்களுடையதைக் கொண்டு போங்கள். ஏற்கனவே ஒன்லைனில் வாங்கி ஏமாந்தவர்கள் விளம்பரத்தின் ஸ்கிரீன்சொட்டையும் கூரியர் பில்லையும் வைத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்துக்குக் கோல் எடுத்துச் சொல்லலாம்.

நேற்று இரவு பார்க்கிறேன், அதே படம், அதே மேசைவிரிப்பு, வேறு ஒரு பெயரில் புதுப் பக்கம், இந்தத் தடவை 1,490 ரூபாய், கீழே பதினேழு பேர் விலை கேட்டிருக்கிறார்கள்.