பாதுகாப்பு மாநாடுகள்: உரைகளுக்காகப் போவதை நிறுத்தியபின்

நிறுவனத்தின் தகவல் பாதுகாப்புப் பொறுப்பில் இருக்கும் எனக்கு, ஆண்டுதோறும் மாநாட்டுச் செலவுக்கு ஒப்புதல் வாங்குவதே ஒரு தனி வேலை. “உரைகள் எல்லாம் யூடியூபிலேயே வந்துவிடுகின்றனவே, சார்?” என்று நிதிப் பிரிவில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பிளாக் ஹாட், டெஃப் கான் போன்ற பாதுகாப்பு மாநாடுகளின் உரைகளில் பெரும்பாலானவை பின்னர் இலவசமாகக் கிடைத்துவிடுகின்றன. அவற்றைக் கேட்பதற்காக மட்டும் அவை நடக்கும் லாஸ் வேகஸ் வரை போவது தண்டச்செலவு.

கண்காட்சி அரங்குகளும் அப்படித்தான். சான் பிரான்சிஸ்கோவில் மாஸ்கோனி மையத்தில் நடக்கும் ஆர்எஸ்ஏ மாநாட்டில், ஒரு டி-ஷர்ட்டுக்கு ஆசைப்பட்டுக் கழுத்து அட்டையை ஸ்கேன் செய்யக் கொடுத்தால் போதும். ஊர் திரும்பிய பிறகும் விற்பனைப் பிரதிநிதிகளின் அழைப்பு ஓயாது. டெஃப் கான் இதற்கு நேர்மாறு. வாசலில் ரொக்கத்தை நீட்டினால் உள்ளே விடுவார்கள், பெயர்கூடக் கேட்கமாட்டார்கள்.

அந்த டெஃப் கானில்தான் செலவழித்த பணத்துக்கு எனக்குப் பலன் கிடைத்தது. 2023 ஆகஸ்டில் அது சீசர்ஸ் ஃபோரத்தில் நடந்தது. அங்கே தொலைபேசியில் பேசியே தகவல் கறக்கும் போட்டி ஒன்று உண்டு. ஒலி புகாத கூண்டுக்குள் போட்டியாளர் உட்கார்ந்து, உண்மையான நிறுவனங்களுக்குத் தொலைபேசியில் பேசுவார்; வெளியே கூட்டம் மூச்சு விடாமல் கேட்கும். கடவுச்சொல் கேட்கக் கூடாது என்பது விதி. சிரிப்பும் அவசரமும் கலந்த குரலில், உள்விவரங்களை ஒவ்வொன்றாகக் கறந்துவிடுகிறார்கள். மறுமுனையில் இருப்பவர் ஏமாளி அல்லர். உதவி செய்யப் பழக்கப்பட்டவர், அவ்வளவுதான். இப்படி ஆளை ஏமாற்றித் தகவல் பெறும் ‘சமூகப் பொறியியல்’ பற்றி எத்தனையோ பயிற்சி வகுப்பு எடுத்திருக்கிறேன். அந்தக் குரலைக் கேட்டபோது ஏற்பட்ட கிலி எந்த வகுப்பிலும் வந்ததில்லை.

அடுத்த மாதமே அதே ஊரில் எம்ஜிஎம் ரிசார்ட்ஸ் என்ற சூதாட்ட விடுதி நிறுவனம் இணையத் தாக்குதலில் முடங்கியது. தாக்கியவர்கள் ஊழியர்போல் பேசி ஹெல்ப் டெஸ்க்கை (ஊழியர்களுக்கான தொழில்நுட்ப உதவிப் பிரிவை) நம்பவைத்தார்கள் என்று செய்திகள் வந்தன. பாதிப்பு சுமார் 10 கோடி டாலர் என்று நிறுவனமே மதிப்பிட்டது. இன்னொரு சூதாட்ட விடுதி நிறுவனமான சீசர்ஸும் தப்பவில்லை: வெளியாரிடம் ஒப்படைத்திருந்த தொழில்நுட்ப உதவிப் பிரிவை ஏமாற்றித்தான் உள்ளே நுழைந்தார்கள். எங்கள் அலுவலகத்தில் கடவுச்சொல் மாற்றித் தரக் கேட்டு யார் அழைத்தாலும், அழைப்பைத் துண்டித்துவிட்டுப் பதிவேட்டில் உள்ள எண்ணுக்கு நாமே திரும்ப அழைக்க வேண்டும் என்ற விதி அதன் பிறகுதான் வந்தது. இயக்குநர்களும் விதிவிலக்கல்லர். ஓரிருவர் முகம் சுளித்தார்கள், சுளிக்கட்டும்.

மாநாடுகளை ஒட்டி நடக்கும் மூடிய அறைக் கூட்டங்கள் இன்னொரு லாபம். சாத்தம் ஹவுஸ் விதிப்படி நடப்பவை: கேட்டதைப் பயன்படுத்தலாம், சொன்னவர் யார் என்று வெளியிடக் கூடாது. ஓர் உதாரணம்: இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவுப்படி, இணையத் தாக்குதலைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் அதனிடம் தெரிவிக்க வேண்டும். ‘கவனித்த’ நேரம் எது? நள்ளிரவில் எச்சரிக்கை ஒலித்த நொடியா, பகுப்பாய்வாளர் உறுதிசெய்த பிறகா? சட்ட ஆலோசகர்கள் வளைத்து வளைத்துப் பேசுவார்கள். அத்தகைய கூட்டம் ஒன்றில், உண்மையில் தாக்குதலில் அடிபட்டு எழுந்த ஒருவர், “முதல் எச்சரிக்கையிலிருந்தே கணக்கு வையுங்கள், தெரிந்ததை அனுப்புங்கள், மிச்சத்தைப் பிறகு அனுப்பலாம், அறிக்கையில் கையெழுத்து யாருடையது என்பதை இன்றைக்கே முடிவு செய்யுங்கள்” என்றார். அப்படிப்பட்டவரின் கைப்பேசி எண் கிடைத்தால் நுழைவுக் கட்டணம் வீண்போகவில்லை.

தகவல் பாதுகாப்புத் துறையினருக்கான சிஐஎஸ்எஸ்பி சான்றிதழைத் தக்கவைக்க 3 ஆண்டுகளில் 120 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்க்க வேண்டும் என்பதால் போகிறவர்களும் உண்டு. அதற்கு வீட்டிலிருந்தே இணையவழிக் கருத்தரங்குகள் போதும்.

பட்ஜெட் குறைவு என்றால் அமெரிக்கா வேண்டாம். கோவாவில் 2010இல் தொடங்கிய நல்கான் மாநாடு இருக்கிறது. கேரளக் காவல்துறையின் பங்கேற்புடன் நடக்கும் கோகான் மாநாடு இருக்கிறது. காவல்துறை அதிகாரிகளிடம் நேரில் அறிமுகமாகிக்கொள்ளும் வாய்ப்பு லாஸ் வேகஸில் கிடைக்காது. அடுத்த முறை டெஃப் கானுக்கு என் இடத்தில் எங்கள் ஹெல்ப் டெஸ்க் மேலாளரை அனுப்பக் கேட்டிருக்கிறேன்.