நோலிமிட்ஸ் 2: சில வருடம் ஓட்டிப் பார்த்தபின்

ரோலர் கோஸ்டர் வடிவமைப்பு என்றதும் நம்மில் பலருக்கு 1999-இல் வந்த ரோலர்கோஸ்டர் டைகூன் என்ற கேளிக்கைப் பூங்கா நடத்தும் விளையாட்டுதான் ஞாபகம் வரும். நோலிமிட்ஸ் 2 அந்த வகை இல்லை. இங்கே டிக்கெட் விற்க வேண்டாம், கூட்டம் சேர்க்க வேண்டாம். தடம் போடு, ரயிலை விடு, அவ்வளவுதான். 2014-இல் வந்த மென்பொருள், இதன் தொழில்முறைப் பதிப்பை நிஜ கோஸ்டர் செய்கிற கம்பெனிகளும் பயன்படுத்துகின்றன. காட்பாடியில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில், மே மாத வெயிலில் லேப்டாப் ஃபேன் அலற அலற, என் ஞாயிற்றுக்கிழமைகளை இதுதான் தின்றுகொண்டிருக்கிறது.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். எடிட்டர் வறட்சியானது, கையைப் பிடித்துச் சொல்லித்தராது. வெற்று வெளியில் புள்ளிகளை வைக்க வேண்டும், அவற்றின் வழியாகத் தடம் வளைந்து போகும், எங்கே எவ்வளவு சாய வேண்டும் என்பதற்குத் தனியாகச் சாய்வுப் புள்ளிகள். பார்க்க அழகாக இருக்கும் தடம் ஓடும்போது சகிக்காது. புள்ளிகளின் இடைவெளி கொஞ்சம் முன்பின் ஆனாலும் விசை ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும், இதற்குப் 'பம்பிங்' என்று பெயர், கண்ணுக்குத் தெரியாது, மீட்டரில் மட்டும் தெரியும்.

அந்த மீட்டர்தான் இந்த மென்பொருளின் உயிர். ஓடும்போதே நேர்க்குத்து விசை, பக்கவாட்டு விசை இரண்டையும் ஜி கணக்கில் காட்டும். 40 மீட்டர் இறக்கத்தின் அடியில் உராய்வைக் கழிக்காமல் பார்த்தால் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொடும். அங்கே வளைவின் ஆரம் 27 மீட்டர் என்றால் உட்கார்ந்திருப்பவருக்குச் சுமார் 4 ஜி, அதாவது தன் எடையைப் போல நான்கு மடங்கு. ஆரத்தைக் குறைத்தால் விசை எகிறும். இதையெல்லாம் புத்தகத்தில் படித்தபோது ஏறாதது, புள்ளியை இழுத்து இழுத்துப் பார்த்தபோது ஏறியது.

ஆனால் மீட்டரை மட்டும் நம்பினால் சப்பையான தடம்தான் வரும். எல்லா எண்ணும் சரியாக இருக்கும், பார்ப்பவர் கொட்டாவி விடுவார். அதனால் வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் உட்காரவைத்து ஓட்டிக்காட்ட ஆரம்பித்தேன். 'எப்படி இருக்கு?' என்று கேட்டால் எல்லாரும் 'சூப்பர்' என்பார்கள், அது ஒன்றுக்கும் உதவாது. இப்போது, ஏதாவது இடறினால் உடனே 'இப்ப' என்று மட்டும் சொல்லச் சொல்கிறேன். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, மீட்டர் அங்கே என்ன சொல்கிறது என்று பிறகு பார்ப்பேன். தங்கச்சி 'இப்ப' என்ற இடங்களில் பாதி, சாய்வு சட்டென்று மாறும் இடங்கள். மீதி, வேகம் செத்துப்போய் எதுவுமே நடக்காத இடங்கள். இரண்டாவதை எந்த மீட்டரும் சொல்லாது.

எனக்குக் கிடைத்ததிலேயே நல்ல விமர்சனம் மாமாவுடையது. அவர் ஏலகிரி மலைக்கு பஸ் ஓட்டியவர், அந்த 14 கொண்டை ஊசி வளைவும் அவருக்கு மனப்பாடம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, வளைஞ்சப்புறம் சாயுது? ரோட்டுல வளைவுக்கு முன்னாடியே ஒரு பக்கம் தூக்க ஆரம்பிச்சுடுவான்டா" என்றார். அப்புறம் சாய்வை வளைவுக்கு முன்பே தொடங்கி மெல்ல ஏற்றினேன், பக்கவாட்டு விசை பெரும்பாலும் அடங்கிவிட்டது. சாய்வைத் தண்டவாளத்தைச் சுற்றிச் சுழற்றாமல், அதற்கு மேலே பயணியின் நெஞ்சு உயரத்தில் ஓடும் கோட்டைச் சுற்றிச் சுழற்றினால் தலை இப்படியும் அப்படியும் அடிபடாது. இந்த 'ஹார்ட்லைன்' முறையை நிஜ உலகில் கொண்டுவந்தவர் ஜெர்மன் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல்.

லூப்பை, அதாவது ரயில் தலைகீழாகச் சுற்றிவரும் வளையத்தை, சரிசெய்தவரும் அவர்தான். சரியான வட்டமாக லூப் போட்டால் அடியிலும் உச்சியிலும் விசைக்கு நடுவே 6 ஜி வித்தியாசம் வந்தே தீரும், வட்டம் பெரிதோ சின்னதோ. கணக்குப் போட்டுக் காட்டியவன் இங்கேயே இன்ஜினியரிங் படிக்கும் சித்தப்பா பையன். 1976-இல் அமெரிக்காவின் மேஜிக் மவுண்டன் பூங்காவில் வந்த, அவர் வடிவமைத்த ரெவல்யூஷன் கோஸ்டரில் லூப் கண்ணீர்த்துளி வடிவில் இருப்பது இதனால்தான்: அடியில் ஆரம் பெரிது, உச்சியில் சிறிது.

ஒரே நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், உடனே மறுபடி ஓட்டம், இதுதான் எனக்குப் பலித்த வழி. நாலு இடத்தை ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்றே தெரியாது. தடத்தைப் பகுதிகளாகப் பிரித்து ரயில்கள் மோதாமல் நிறுத்தும் பிளாக் பிரேக்குகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு பகுதியில் ஒரு ரயில்தான், ஓட்டும் ரயில்களின் எண்ணிக்கையைவிட ஒரு பகுதியாவது கூடுதலாக வேண்டும், மற்றதை மென்பொருளே பார்த்துக்கொள்ளும்.

புள்ளி வைத்துச் சலித்தவர்கள் எஃப்விடி++ என்ற தனிக் கருவியைப் பாருங்கள். அதில் வேண்டிய விசையை நாம் சொல்கிறோம், தடத்தின் வடிவத்தை அது கணக்கிட்டுத் தரும், அப்படியே இதற்குள் கொண்டுவரலாம். பம்பிங் காணாமல் போகும். ஆனால் முதல் நாளே அதற்குப் போகாதீர்கள், எண்ணுக்கும் வடிவத்துக்கும் உள்ள உறவு கைக்கு வந்தபின் போங்கள். மரம், கடை, விளக்கு எல்லாம் வைத்து அழகு பார்க்க ஆசை என்றால் பிளானட் கோஸ்டர் என்ற விளையாட்டை வாங்குங்கள், இது உங்களுக்கு வேண்டாம்.