முறுக்குக் கொட்டகைக்கு வைஃபை: ஐந்து தீபாவளி அனுபவம்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் எங்களுடையது தாமானின் (குடியிருப்பின்) மூலை வீடு. ஃபைபர் இணைப்பு முன்கூடத்தில். பின்பக்கம் வாழை மரங்களைத் தாண்டினால் மனைவியின் முறுக்குக் கொட்டகை. கேபிள் போகும் வழியே அளந்தால் இரண்டுக்கும் நடுவில் 35 மீட்டர். கூரையும் தகரம், மூன்று பக்கச் சுவரும் தகரம். இந்த 35 மீட்டரைத் தாண்ட எனக்கு இரண்டரை ஆண்டும், ஆயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேலும், வீட்டில் கொஞ்சம் மரியாதையும் செலவாயின.

கொட்டகைக்கு எதற்கு இணையம் என்று அம்மா இன்னும் கேட்கிறார். ஆர்டர் எல்லாம் புலனத்தில் (வாட்ஸ்அப்) வருகிறது. பணம் கைப்பேசியில் வருடிச் செலுத்தும் டூயிட்நாவ் கியூஆரில் வருகிறது. வந்ததா இல்லையா என்று பார்த்த பிறகுதான் டின்னைக் கொடுக்க முடியும். முகவரி அச்சடிக்கும் சின்ன பிரிண்டர் ஒன்று, கேமரா ஒன்று. தகரத்துக்குள் கைப்பேசி அலை எப்போதுமே மந்தம்தான். 2021 இறுதியில் நாடு முழுக்க 3ஜியை மூடியதும் இருந்த கொஞ்ச நஞ்சமும் போனது. தோட்டத்திலிருந்து வேலைக்கு வரும் அக்காமார் மூவரும் மாறி மாறி, "தம்பி, லைன் இல்ல" என்பார்கள். அந்தக் குரல் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

முதலில் வாங்கியது சுவர் பிளக்கில் செருகும் ரிப்பீட்டர், வைஃபை அலையை வாங்கி மறுபடி அனுப்பும் பெட்டி. எண்பது வெள்ளியோ என்னவோ. அடுப்படியில் செருகினேன். கொட்டகையில் கைப்பேசியின் சிக்னல் கம்பி முழுசாகக் காட்டியது, படம் மட்டும் திறக்கவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. அலையின் பலத்தை அளக்கும் கணக்கில், அடுப்படிக்கு வந்து சேருவதே மைனஸ் 78 டிபிஎம். வீடியோ அழைப்பு ஒழுங்காக ஓட மைனஸ் 67 அளவாவது வேண்டும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. தானே அரைகுறையாகக் கேட்டதைத்தான் அது கொட்டகைக்கு உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. அதிலும் கேட்பதும் பேசுவதும் ஒரே ரேடியோவில் என்றால் வேகம் பாதியாகிவிடும். நாம் பார்க்கும் சிக்னல் கம்பி ரிப்பீட்டருக்கும் நமக்கும் உள்ள நெருக்கத்தை மட்டுமே காட்டுகிறது. அதற்கும் ரௌட்டருக்கும் உள்ள உறவை அது சொல்வதில்லை.

சரி, கேபிளிலேயே போவோம் என்று 2021 தீபாவளிக்கு முன் ஒரு வயர்மேனை வைத்துக் கேபிள் இழுத்தேன். மறுமுனையில் பரணில் கிடந்த பழைய ரௌட்டர். அன்று மாலையே வீட்டில் பாதிப் பேருக்கு இணையம் வந்தது, மீதிப் பேருக்கு வரவில்லை. யாருக்கு வரும் யாருக்கு வராது என்பது மணிக்கு மணி மாறியது. தோட்டத்தில் காலையில் பேர் வாசிக்கும் ஒரே பெரட்டில் இரண்டு கிராணிகள் (கணக்கர்கள்) நின்று ஆளுக்கொரு பட்டியலில் பேர் வாசித்தால் எப்படி இருக்கும்? அதுதான் நடந்தது. இரண்டு பெட்டிகளும் டிஎச்சிபி வழியாக முகவரி கொடுத்துக்கொண்டிருந்தன. கொட்டகைப் பெட்டியிடம் முகவரி வாங்கிய கைப்பேசி, வெளியே போகும் வழியையும் அதனிடமே கேட்டுவிட்டு நின்றது. அதற்கு வழி தெரிந்தால்தானே.

பழைய ரௌட்டரை அக்சஸ் பாயிண்டாக, அதாவது கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் பெட்டியாக, மாற்றப் போகிறவர்கள் கேபிளை மாட்டும் முன்பே அதன் டிஎச்சிபியை அணைத்துவிடுங்கள். முகவரியையும் மாற்றுங்கள்: முதல் ரௌட்டர் 192.168.0.1 என்றால் இதற்கு 192.168.0.2. அப்புறம் கேபிளைத் தனி நிறத்தில் இருக்கும் வேன் (WAN) துளையில் செருகாமல், மற்ற நான்கில் ஒன்றில் செருகுங்கள். டிஎச்சிபியை அணைக்காமல் வேன் துளையில் செருகினாலும் இணையம் வரலாம். ஆனால் கொட்டகை தனி வலையாகப் பிரிந்துவிடும், வீட்டிலிருந்து பிரிண்டர் தெரியாது. இதைச் சரிசெய்த பின் அந்தப் பழைய பெட்டி நான்கு மாதம் மறுபேச்சில்லாமல் வேலை செய்தது. காசு செலவில்லாத வழி இதுதான், இப்போதும் யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன்.

2022 மார்ச்சில் இரண்டு அக்சஸ் பாயிண்டும் பல கேபிள்களைச் சேர்க்கும் பிஓஇ ஸ்விட்ச் ஒன்றும் வாங்கினேன். வைஃபை 5 ரகம், 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் உண்டு, ஒன்று இருநூற்றைம்பது வெள்ளிக்குள். நிறுவனத்தின் பேரைச் சொல்லப் போவதில்லை. இந்த மூன்றரை ஆண்டில் எனக்கு வந்த தொல்லைகளில் முக்கால்வாசிக்கும் அந்தப் பெட்டிக்கும் சம்பந்தமே இல்லை. வாங்கும்போது மலேசியத் தரச் சான்றான சிரிம் ஒட்டு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். பிஓஇ என்பது இணையம் வரும் கேபிளிலேயே மின்சாரமும் வருவது. 48 வோல்ட் அளவில், ஸ்விட்சின் ஒரு துளைக்கு 15.4 வாட் வரை. கூரைக்குத் தனி பிளக் இழுக்க வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை: 24 வோல்ட்டை எதையும் கேட்காமலே அனுப்பும் இன்னொரு வகையும் சந்தையில் உண்டு. இரண்டையும் கலந்து வாங்கினால் கருவி எழுந்திருக்காது.

மனைவி அக்சஸ் பாயிண்டை 'இட்லித் தட்டு' என்கிறார். வெள்ளையாக, வட்டமாக, அப்படித்தான் இருக்கிறது.

தட்டைக் கூரையோடு ஒட்டி மாட்டியது என் முதல் தவறு. மதியம் இரண்டு மணிக்கு ஏணி ஏறித் தொட்டுப் பார்த்தேன், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி இருந்தது. பெட்டியின் தாளில் 40 டிகிரி செல்சியஸ் வரை என்று போட்டிருக்கிறது. மலேசிய வெயிலில் தகரத்துக்கு அடியில் அது எந்த மூலைக்கு? மூன்றடி கீழே ஒரு பலகை கட்டி, முகம் தரையைப் பார்க்கும்படி இறக்கினேன். இரண்டாவது தவறு, எண்ணெய்ச் சட்டிக்கு நேர் மேலே வைத்தது. தீபாவளி முடிந்து கழற்றியபோது காற்றுத் துளைகளில் எண்ணெய்ப் பிசுக்கும் அரிசிமாவும் சேர்ந்து பசை மாதிரி அப்பியிருந்தன, பல் குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்தேன். இப்போது அது டின் அடைக்கும் மேசைக்கு மேலே இருக்கிறது. அங்கே நின்று பார்த்தால் மைனஸ் 48.

அடுத்து வந்ததுதான் என்னை ஆட்டிவைத்த தொல்லை. மாலை ஏழு மணி வாக்கில், எல்லாரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போது, கொட்டகைத் தட்டு தானாக அணைந்து எழும். இரண்டு நிமிடம் போச்சு. மென்பொருளைப் புதுப்பித்தேன், அலைவரிசையை மாற்றினேன், தட்டுகளை இடம் மாற்றிப் பார்த்தேன். வீட்டுத் தட்டைக் கொட்டகையில் மாட்டினால் அதுவும் அணைந்தது. அப்போதே கேபிளைச் சந்தேகித்திருக்க வேண்டும். இன்னும் ஒரு வாரம் மெனுக்களில் அலைந்தேன். கடைசியில் காட்டிக் கொடுத்தது ஸ்விட்சின் விளக்கு. மற்ற துளைகள் பச்சை, கொட்டகைத் துளை மட்டும் ஆரஞ்சு. என் ஸ்விட்சில் பச்சை என்றால் 1000 எம்பிபிஎஸ், ஆரஞ்சு என்றால் 100. ஆயிரத்துக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், நூறுக்கு இரண்டு ஜோடி போதும். அப்படியென்றால் எங்கோ ஒரு ஜோடி செத்திருக்கிறது.

கொட்டகை நுனியின் பிளக்கை வெட்டி, ஒரு கம்பியைப் பேனாக் கத்தியால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி நிறம். அலுமினியத்துக்குச் செம்பு முலாம். நுனியை இரண்டு தரம் வளைத்தேன், ஒடிந்து கையோடு வந்தது. அலுமினியத்துக்கு மின்தடை அதிகம். அதைவிட மோசம், பிளக்கின் பல் கடிக்கும் இடத்தில் அது காற்றுப்பட்டு ஆக்சைடு படிந்து, தொடுப்பே தளர்ந்துவிடும். கூட்டம் கூடும்போது தட்டு கூடுதல் மின்சாரம் கேட்கும், அந்த இடம் தாங்காது. வயர்மேனைக் கேட்டால், "அண்ணே, எல்லாருக்கும் இதான் போடறோம்" என்றார். இருக்கலாம். ஈப்போவுக்குப் போய் முழுச் செம்பு கேபிள் வாங்கி வந்து நானே இழுத்தேன், நுனியை நானே அடித்தேன்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. முதல் மூன்று பிளக் குப்பைக்கு. நான்காவதில் பச்சை விளக்கு எரிந்தது. ஏழு மணித் தொல்லை அன்றோடு நின்றது.

இரண்டு தட்டுக்கும் ஒரே பேர், ஒரே கடவுச்சொல் கொடுத்தால் நடக்க நடக்கக் கைப்பேசி தானாக மாறிக்கொள்ளும் என்பார்கள். மாறும், அது நினைத்தால். எப்போது தாவுவது என்று முடிவு செய்வது பெரும்பாலும் கைப்பேசிதான். மனைவி கூடத்தில் அழைப்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போவார், கைப்பேசி வீட்டுத் தட்டையே மைனஸ் 80 வரை கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். "என்னங்க, பக்கத்துலயே பெட்டி இருக்கு, ஏன் பேச்சு விட்டு விட்டு வருது?" நியாயமான கேள்வி. வீட்டுத் தட்டின் 2.4 சக்தியைக் குறைத்தேன், அப்போதுதான் அதன் அலை வாழை மரத்தோடு ஓயும். மைனஸ் 75க்குக் கீழே போகும் கைப்பேசியைக் கைகழுவிவிடும்படியும் அமைத்தேன். இது அக்கா ஒருவரின் பழைய கைப்பேசிக்கு ஒத்துவரவில்லை, கைகழுவினால் கோபித்துக்கொண்டு திரும்பி வராது. அவருக்காக மைனஸ் 80 ஆக்கி வைத்திருக்கிறேன்.

பக்கத்து வீடுகளின் வைஃபை பட்டியலில் பதினான்கு பெயர்கள் தெரிந்தன, பாதிக்கு மேல் 6ஆம் அலைவரிசையில். 2.4இல் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 மூன்றுதான். வீட்டுக்கு 1, கொட்டகைக்கு 11, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். தானியங்கியில் விடவில்லை. பிரிண்டருக்கும் கேமராவுக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது, எனவே 2.4இல் மட்டும் தனிப் பேரில் ஒரு வலை. பாதுகாப்பு கூடட்டும் என்று அதில் ஒருநாள் டபிள்யூபிஏ 3ஐப் போட்டேன், பிரிண்டர் காணாமல் போனது. டபிள்யூபிஏ 2க்கே திரும்பிவிட்டேன்.

2023 தீபாவளி நவம்பர் 12. அதற்கு முந்திய வாரம், கொட்டகையில் நிற்க இடமில்லை. இங்கே பருவமழை மாறும் அக்டோபர், நவம்பரில் மாலை இடி தினசரி வழக்கம். அன்று பின்பக்கத் தென்னந்தோப்பில் எங்கோ விழுந்தது. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. மெயின் சுவிட்ச் விழுந்தது, தூக்கிவிட்டேன். கொட்டகைத் தட்டு போச்சு, ஸ்விட்சில் இரண்டு துளை போச்சு, ரௌட்டரில் ஒன்று. அக்காமார் டின்களோடு வாசலில் நின்று லைன் பிடித்த காட்சியை மறக்க முடியாது. பரணிலிருந்து பழைய ரௌட்டரை இறக்கி, பிழைத்த ஒரு துளையில் மாட்டி அந்த வாரத்தை ஓட்டினோம்.

மின்னல் நம் கேபிளின் மேலேயே விழ வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் விழுந்தாலே போதும், நீளமான செம்புக் கம்பியில் மின்னழுத்தம் பாயும். இரண்டு கட்டடங்களின் தரை மின்னழுத்தமும் அந்த நொடியில் வேறுபட்டுப் போகும். நடுவில் உள்ள ஒரே பாலம் நம் கேபிள். நான் பார்த்துப் பார்த்து வாங்கிய முழுச் செம்பு அதற்கு ராஜபாட்டை போட்டுக் கொடுத்திருந்தது.

இப்போது நடுவில் ஓடுவது கண்ணாடி. நுனி தயாராக வரும் 50 மீட்டர் ஃபைபர், இரு முனையிலும் ஒளியைக் கேபிள் குறியாகவும் அதை ஒளியாகவும் மாற்றும் கன்வெர்ட்டர் ஒவ்வொன்று, பிளாஸ்டிக் குழாய்க்குள் மண்ணுக்கடியில். ஒளி போகும், மின்சாரம் போகாது. தட்டுக்கு மின்சாரம் கொட்டகைக்குள்ளேயே ஒரு இன்ஜெக்டர் (கேபிளில் மின்சாரம் ஏற்றும் பெட்டி) தருகிறது. சில ஃபைபர் கேபிள்களில் தாங்குவதற்கு இரும்புக் கம்பி ஒன்று கூடவே வரும். அதை அப்படியே இரண்டு பக்கமும் கட்டினால் பழைய கதைதான். நான் உலோகமே இல்லாததாகக் கேட்டு வாங்கினேன். கொட்டகையின் மின்கம்பி வழியே இன்னும் மின்னல் வரலாம், வந்தால் அங்கே உள்ளதோடு போகட்டும். அதன் பிறகு இரண்டு தீபாவளி போய்விட்டது, இடியில் எதுவும் சாகவில்லை.

சில்லறைத் தொல்லைகள் இருக்கின்றன. கன்வெர்ட்டர் பெட்டியின் இளஞ்சூட்டுக்கு எறும்பு குடிவந்தது. முட்டையோடு கூட்டிக் கொட்டி, துளைகளைச் சிலிக்கனால் அடைத்து, சுற்றி எறும்புச் சாக்பீஸ் கிழித்திருக்கிறேன். மழைநீர் கேபிளோடு வழிந்து உள்ளே வந்தது. சுவருக்குள் நுழையும் முன் கேபிளைக் கொஞ்சம் தொங்கவிட்டதும், நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடுகிறது. அமைப்பு முழுவதையும் ஒரு கோப்பாகச் சேமித்து வைத்திருந்ததால், புதுத் தட்டு வந்த அன்று பத்து நிமிடத்தில் பழைய பேர், பழைய கடவுச்சொல்லோடு எழுந்தது. கடவுச்சொல்லின் அச்சுப் பிரதி சாமி மேடை நாட்காட்டிக்குப் பின்னால்.

வைஃபை 6க்கு மாறுவதா என்று தம்பி கேட்கிறான். எங்கள் ஃபைபர் 100 எம்பிபிஎஸ், இருக்கும் தட்டு அதை முழுசாகக் கொடுக்கிறது, எனக்கு அவசரமில்லை. மீதி இருப்பது வாழை மரத்தடி மட்டும்தான். அம்மா மாலையில் நாற்காலி போட்டு உட்காருவது அங்கேதான், இரண்டு தட்டுக்கும் சரியாக நடுவில், இரண்டும் எட்டாத இடத்தில். மூன்றாவது தட்டு ஒன்று வெளியே மாட்டலாம் என்றேன். மனைவி முறுக்கு உரலைத் துடைத்துக்கொண்டே, "நாற்காலிய நகத்திப் போடுங்க" என்றார்.