மேலாளர் அடுக்கை நீக்குவது: கூகுள் வழியும் ஹையர் வழியும்

2002இல் கூகுள், பொறியாளர்களுக்கு மேலிருந்த மேலாளர் அடுக்கையே எடுத்துவிட்டுப் பார்த்தது. சில மாதங்களில் கைவிட்டது. செலவுக் கணக்குக்கு ஒப்புதல் வாங்கவும், இருவருக்கிடையே மனக்கசப்பு வந்தால் முறையிடவும் ஊழியர்கள் நிறுவனர் லாரி பேஜிடமே போய் நின்றார்கள்! மேலாளர் போனாலும் அவர் செய்த வேலையின் தேவை போகவில்லை.

சீனாவின் வீட்டு உபயோகப் பொருள் நிறுவனமான ஹையரும் சுமார் 10,000 இடைநிலை மேலாளர் பதவிகளை ஒழித்தது. ஆனால் வெற்றிடம் விடவில்லை. நிறுவனத்தை 4,000 சிறு குழுக்களாக உடைத்து, ஆளெடுப்பு, சம்பளம், லாபநட்டம் அனைத்தையும் அவற்றிடமே ஒப்படைத்தது. ஒரு குழுவில் பத்துப் பதினைந்து பேர். குளிர்சாதனப் பெட்டி விற்றால்தான் கையில் கூடுதல் பணம்.

ஆட்குறைப்பு என்றால் ஹையர் வழியே சரி என்பேன். எனினும், குழு தொடங்கு அல்லது வெளியேறு என்று அந்த மேலாளர்களை நிறுத்தியது இன்றும் என்னை உறுத்துகிறது.