டிஸ்க் கோல்ஃப் வீடியோ வகுப்பு: 2,400 ரூபாய்க்குத் தகுமா?

"தட்டு எறியிறதுக்குக் காசு கொடுத்தாப்பா படிக்கிற?" என்று ஆச்சி கேட்டார். கொடுத்தேன். பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டை, அதாவது டிஸ்க்கை எறிந்து, தூரத்தில் இருக்கும் கூடையில் போடும் விளையாட்டுதான் டிஸ்க் கோல்ஃப். வகுப்பு 4 வாரம், 2,400 ரூபாய். நாம் எறிவதைப் போனில் எடுத்து அனுப்பினால், எங்கே தப்பு என்று குரல் பதிவில் சொல்வார்கள், அவ்வளவுதான்.

எவ்வளவு பலம் கொடுத்து எறிந்தாலும் என் டிஸ்க் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறி, இடது பக்கம் சரிந்து 40 மீட்டரில் விழும். கையில்தான் கோளாறு என்று நினைத்திருந்தேன். அவர்களோ முதல் பதிலிலேயே ஓடிவருவதை நிறுத்து, தூரத்துக்கு எறியும் டிஸ்க்கான டிரைவரை உள்ளே வை, ஒரு வாரம் நின்ற இடத்திலிருந்தே கிட்டத்தில் எறியும் டிஸ்க்கான புட்டரை மட்டும் எறி என்றார்கள். கடுப்பாகத்தான் இருந்தது.

அப்புறம்தான் எக்ஸ் ஸ்டெப், அதாவது எறியும் முன் கால் மாற்றி வைத்து வரும் நடை. வலது கையால் பேக்ஹேண்ட் (கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வெளிப்பக்கம் வீசுவது) எறிகிறவர் பக்கவாட்டில் வலது காலை வைத்து, இடது காலை அதற்குப் பின்னால் குறுக்கே கொண்டுபோய், மறுபடி வலது காலை ஊன்ற வேண்டும். அந்தக் கடைசிக் கால் தரையில் படும் முன்பே நான் கையைச் சுழற்றிவிடுகிறேன் என்று வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டினார்கள். கால் ஊன்றி, இடுப்பு திரும்பி, தோள் வந்து, கை கடைசியில் வர வேண்டுமாம். எங்கள் வீட்டு வளவில் ஆத்தங்குடிக் கல் வரிசையாக ஓடுகிறதே, அந்தக் கோட்டின் மேலேயே நடந்து பழகினேன். கால் விலகினால் உடனே தெரிந்துவிடும். வெறுங்காலோடு பழகுங்கள். நான் சாக்ஸோடு வழுக்கி, ஆச்சி காயவைத்திருந்த மோர்மிளகாய்த் தாம்பாளத்தின் மேலேயே போய் விழுந்தேன், அன்றைக்கு வாங்கிய திட்டு தனிக்கதை.

குறை இல்லாமல் இல்லை. 2 நாளில் பதில் என்றார்கள், ஒருமுறை 6 நாள் ஆனது. அதைவிட, எறிந்த பிறகு ஊன்றிய காலைக் குதிகாலில் திரும்ப விட வேண்டும், பாதம் தரையைப் பிடித்துக்கொண்டால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும் என்பதை நாலாவது வாரம்தான் சொன்னார்கள். முதல் நாளே சொல்ல வேண்டியது! சொல்வதெல்லாம் சிமென்ட் தளத்துக்கு, நமக்கு வாய்த்ததோ கண்மாய்க்கரைச் செம்மண் சரளை. அதில் நாலு காலடி ஓட்டமெல்லாம் ஆகாது, இரண்டு காலடியே போதும்.

இப்போது மிட்ரேஞ்ச் (டிரைவருக்கும் புட்டருக்கும் இடைப்பட்ட டிஸ்க்) நேராகப் போய், கடைசியில் மட்டும் லேசாக இடது பக்கம் சாய்ந்து இறங்குகிறது. காலால் அளந்து பார்த்தேன், 60 மீட்டர் சொச்சம். ஒரு டிஸ்க் சீமைக்கருவேலத்துக்குள் போனது போனதுதான்.

5க்கு 3.5. அடுத்து ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கை முன்னால் பார்க்க, எறிகிற கைப் பக்கத்திலிருந்தே வீசுவது) வகுப்பு இருக்கிறதாம், பதில் சொன்ன நாளில் வரும் என்றால் கட்டலாம்.