சிங்கப்பூரில் ‘ஃபேமிலி ரூம்’ தேடுகிறவர்கள் கவனத்துக்கு

சிங்கப்பூரைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களிடம் “ஹோட்டல் எதுக்கு, நம்ம தமிழ் ஃபேமிலி வீட்லயே ரூம் இருக்கு, சமைச்சுக்கலாம்” என்று யார் சொன்னாலும் பணம் அனுப்பாதீர்கள். சொல்கிறவர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியே வேண்டாம். அந்த ஊர்ச் சட்டப்படி அப்படி ஒரு ரூமை டூரிஸ்டுக்குக் கொடுக்க முடியாது. அங்குள்ள தமிழர்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு என்று சொல்லும் அரசு அடுக்குமாடி வீடுகளை ஆறு மாதத்துக்குக் குறைந்து வாடகைக்கு விடக்கூடாது, டூரிஸ்டுகளுக்கு அறவே விடக்கூடாது. காண்டோ என்கிற தனியார் அடுக்குமாடி வீடு என்றால் குறைந்தது மூன்று மாதம். ஒரு வாரம், பத்து நாள் என்று வீட்டில் ரூம் தருகிறவர் எல்லாருமே சட்டத்துக்கு வெளியே நின்றுதான் தருகிறார்கள். இது தெரியாமல் பணம் கட்டும் தமிழ்க் குடும்பங்கள் இன்னும் இருப்பதால் எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. வீரமாகாளியம்மன் கோயிலும் சீனிவாசப் பெருமாள் கோயிலும் பக்கத்தில் இருக்கிற மாதிரி தங்கினால் அவர் பாட்டுக்குப் போய் வருவார் என்று செராங்கூன் ரோடு பக்கமாகத் தேடினோம். திருச்சியிலிருந்து அடிக்கடி போய் வருகிற ஒரு தெரிந்தவர் மூலமாகத்தான் அந்த புரோக்கரின் நம்பர் கிடைத்தது. வீடியோ கால் போட்டு ரூமைக் காட்டினார். சுத்தமான கட்டில், ஏசி, சமையலறையில் குக்கர், இட்லிப் பாத்திரம். “ஃபேரர் பார்க் எம்ஆர்டி இறங்கினா மூணு நிமிஷம் சிஸ்டர். அம்மாவப் பத்திக் கவலையே படாதீங்க, எங்க அம்மா மாதிரி பாத்துக்கறேன்” என்றார். எம்ஆர்டி என்றால் அங்குள்ள மெட்ரோ ரயில். மொத்த வாடகையையும் டெபாசிட்டையும் சேர்த்து 32,000 ரூபாய், புதுக்கோட்டையில் இருக்கும் அவருடைய மச்சான் நம்பருக்கு ஜிபே.

விசா வந்த பிறகு எஸ்ஜி அரைவல் கார்டு நிரப்ப வேண்டும். சிங்கப்பூர் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்புவது, கட்டணம் கிடையாது. அதில் தங்கப்போகிற இடம் கேட்பார்கள். வீட்டு அட்ரஸ் கேட்டேன். “அதுல ஒரு ஹோட்டல் பேரப் போட்டுடுங்க சிஸ்டர், எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க” என்றார். இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து மனதில் வையுங்கள்: குடிநுழைவு அதிகாரிகளுக்குக் கொடுக்கும் படிவத்தில் பொய் எழுதச் சொல்கிறவரிடம் ஒரு ராத்திரிகூடத் தங்கக்கூடாது. மாட்டினால் பொய் எழுதியது நாம். நான் விடாப்பிடியாகக் கேட்ட பிறகே பிளாக் நம்பர் வந்தது. அது ஃபேரர் பார்க் இல்லை, அடுத்த ஸ்டேஷனான பூன் கெங். பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “ஒரே ஸ்டேஷன்தானே சிஸ்டர்” என்பதோடு சரி.

போய்ப் பார்த்தால் வீடியோவில் காட்டிய ரூம் வேறு. ஹாலைப் பிளைவுட் வைத்து இரண்டாக அடைத்து, ஒரு பாதியில் எங்களுக்குக் கட்டில். தடுப்பு கூரைவரை போகவில்லை. அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். மெத்தையின் தையலோரம் முழுக்க மூட்டைப்பூச்சியின் கறுப்புப் புள்ளிகள். உள்ளறைகளில் வேலைக்கு வந்திருக்கும் நம் ஊர்ப் பையன்கள் நெருக்கி அடித்துப் படுத்திருந்தார்கள். அவர்களும் தலைக்கு இவ்வளவு என்று மாத வாடகை கொடுக்கிறவர்கள்தான். அந்தப் பையன்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவுக்கு டீ போட்டுக் கொடுத்ததும் அவர்கள்தான், “அக்கா, இங்க செக்கிங் வரும், ஜாக்கிரதை” என்று உண்மையைச் சொன்னதும் அவர்கள்தான்.

புரோக்கர் போனில் சொன்ன விதிகள் இவை. லிஃப்டில் யாராவது கேட்டால் சொந்தக்காரர்கள் என்று சொல்ல வேண்டும். பெட்டியைப் பகலில் வெளியே எடுக்கக்கூடாது. செருப்பை வாசலில் விடக்கூடாது, ஜோடியை எண்ணி ஆள் கணக்குப் பார்த்துவிடுவார்களாம். சிங்கப்பூர்க்காரர்களில் பெரும்பாலானவர்கள் இந்த வீவக வீடுகளில்தான் இருக்கிறார்கள். 1989 முதல் ஒவ்வொரு பிளாக்கிலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் கலந்தே இருக்கும்படி விகிதம் வைத்திருக்கிறார்கள். ஒரே காரிடாரில் பல காலமாக அண்டை வீடாக இருப்பவர்களுக்குப் புது முகம் தெரியாமல் போகுமா? யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர்கள் செய்தது சரியான காரியம்.

சைனாடவுனில் மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் போன் வந்தது. “ஆபீசருங்க வராங்க சிஸ்டர், உடனே காலி பண்ணணும்.” நாங்கள் போய்ச் சேருவதற்குள் எங்கள் பெட்டிகள் கீழே வாய்ட் டெக் என்கிற திறந்த தரைத்தளத்தில், தூணோரமாக இருந்தன. அம்மாவின் மாத்திரைப் பை அதில் இல்லை. புரோக்கர் போனை எடுக்கவில்லை, மேலே கதவும் திறக்கவில்லை. அம்மா பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்துக் கல் மேசையில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த ஒரு சீனப் பெரியவர் எழுந்து தன் இடத்தைக் கொடுத்தார். லிஃப்டிலிருந்து இறங்கிய ஒரு மலாய் அம்மா, விஷயத்தைக் கேட்டுவிட்டு மேலே போய்க் கதவைத் தட்டி அந்த மாத்திரைப் பையை வாங்கிவந்தார். டாக்சியும் அவரே கூப்பிட்டுக் கொடுத்தார். எங்களிடம் பணம் வாங்கியவர் எங்கள் மொழி பேசுகிறவர். உதவியவர்களோடு பேச எங்களுக்குப் பொது மொழி அரைகுறை ஆங்கிலம்தான்.

அந்த ராத்திரி லிட்டில் இந்தியாவில் ஜன்னலே இல்லாத ஒரு ஹோட்டல் ரூம் கிடைத்தது. வார இறுதி என்பதால் விலை ஏறிக் கிடந்தது. ஆனால் ரசீது இருந்தது, பூட்டு இருந்தது, யாரும் செருப்பை ஒளித்துவைக்கச் சொல்லவில்லை.

போகிறவர்கள் இப்படிச் செய்யுங்கள். சிங்கப்பூரில் ஹோட்டல்களுக்கு லைசன்ஸ் கொடுக்க ஹோட்டல்ஸ் லைசன்சிங் போர்டு என்றே ஓர் அமைப்பு இருக்கிறது, லைசன்ஸ் உள்ளவற்றின் பட்டியல் ஆன்லைனில் கிடைக்கும். பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். சமைத்தே ஆக வேண்டும் என்றால் சர்வீஸ் அபார்ட்மென்ட் உண்டு, ஆனால் அதிலும் குறைந்தது ஏழு நாள் எடுக்க வேண்டும். விலைக்குப் பின்னால் இரண்டு பிளஸ் குறி இருந்தால் 10 சதவீத சர்வீஸ் சார்ஜும் 9 சதவீத ஜிஎஸ்டியும் மேலே வரும். ஜன்னல் உண்டா என்று கேட்டே புக் செய்யுங்கள். கேலாங் பக்கம் விலை குறைவாகத் தெரியும், அங்கே இரட்டைப்படை எண் லோராங்குகள் (சந்துகள்) சிவப்பு விளக்குப் பகுதி, குடும்பத்தோடு போகிறவர்களுக்கு வேண்டாம். லிட்டில் இந்தியாவிலேயே டெஸ்கர் ரோட்டுச் சந்துகளும் அப்படித்தான். சாங்கி விமான நிலையத்திலிருந்து டாக்சி தேவையில்லை: அடுத்த ஸ்டேஷனான எக்ஸ்போவில் இறங்கி டவுன்டவுன் லைன் மாறினால் நேரே லிட்டில் இந்தியா.

பணம் போனது இந்திய அக்கவுன்டுக்கு என்பதால் ஊருக்கு வந்ததும் 1930-க்குப் போன் செய்து சைபர் கிரைமில் புகார் பதிந்திருக்கிறேன். உங்களுக்கு நடந்தால் ஊர் திரும்பும்வரை காத்திருக்காமல் வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லி அன்றே போன் செய்யச் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் அக்கவுன்டில் இருக்கும் பணத்தை முடக்க வாய்ப்பு. அந்த வீட்டைப் பற்றி வீவகவுக்கும் ஆன்லைனில் எழுதிவிட்டேன். பணம் இன்னும் வரவில்லை. இதே மாதிரி பூன் கெங் ரூமுக்கு, புதுக்கோட்டை நம்பருக்குப் பணம் அனுப்பியவர்கள் வேறு யாராவது இருந்தால் நீங்களும் 1930-ல் தனியாகப் புகார் கொடுங்கள். ஒரே அக்கவுன்ட் மேல் பல புகார் சேர்ந்தால் போலீஸ் அதைத் தள்ளிப்போடுவது கஷ்டம்.